இரண்டு வாரத்தில் ஜப்பான்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இரண்டு வாரம் ஜப்பான் போகிறாள். அதற்குள் மொழியும் பண்பாடும் என்ன பிடிபடப் போகிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மொழி முழுதாக வராதுதான். ஆனால் காது பழகிவிடும். அதுவே நல்ல தொடக்கம். மற்றதை அவள் தங்கும் வீடு கற்றுக்கொடுக்கும். வாசலில் கழற்றிய ஷூவை, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைக்கவேண்டும். சோப்புப் போட்டுக் குளித்து முடித்த பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்கவேண்டும்; அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும் இறங்குவார்கள். பள்ளியில் வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பது மாணவர்களே. அவளும் துணியை எடுத்துக்கொண்டு குனியட்டும். நட்பு அங்கேதான் தொடங்கும்.

புறப்படுமுன் ஹிரகானா என்ற ஜப்பானிய வரிவடிவத்தின் 46 எழுத்துகளையும் பழகச் சொல்லுங்கள். சாப்பிடுமுன் சொல்லும் 'இததாகிமாஸ்' நாக்கில் நிற்கட்டும். சைவம் என்றால் முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில்கூடப் பெரும்பாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, தினமும் போனில் அழைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவள் அந்த வீட்டு அம்மாவோடு சமையலறையில் நின்று, தப்பும் தவறுமாகவாவது பேசட்டும்.