பீஸ் கேரியரும் பத்து மாத அட்வான்ஸும்

கேள்வி: மதுரையில் சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக ஆறு மாதமாக இருக்கிறேன். அதற்கு முன் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் ஓர் அம்மா வந்தார். வாடகை 6,000, அட்வான்ஸ் 60,000, கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வீட்டைக் காலி செய்யச் சொன்ன ஹவுஸ் ஓனர், அவர் போகாததால் மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாராம். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். "வக்கீலம்மா, கரண்ட்டை மட்டும் வாங்கிக் குடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எதுவரை செய்யலாம்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பதில்: அந்த "வக்கீலம்மா"வை அப்போதே திருத்தியிருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி நீதிமன்றத்தில் ஒருவருக்காக வாதாடும் உரிமை வழக்கறிஞருக்குத்தான். நீங்கள் வக்கீல் என்று நம்பிக்கொண்டு போனவர், நாளை ஏதாவது தவறினால் உங்களை மட்டுமல்ல, அந்தக் குழுவையே நம்பமாட்டார். "அம்மா, நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் உங்களைச் சேர்க்கிற ஆள்" என்று சொல்லிவிடுங்கள். அவர் வாங்கித் தரும் டீகூட வேண்டாம். "கரண்ட் வந்துரும்" என்ற வாக்கும் வேண்டாம்.

அவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டா என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பல தன்னார்வலர்கள் இதை மறந்து, வருமானச் சான்று வாங்கிவரச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு அலையவிடுகிறார்கள்.

உங்கள் வேலையில் முக்கால்வாசி ஒரே ஒரு தாளில் இருக்கிறது. அழுகையோடு வரும் கதையை, தேதி போட்ட ஒரு பக்கமாக மாற்றுவது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். "எப்போ குடி வந்தீங்க?" என்றால் உங்கள் ஊரில் என்ன பதில் வரும்? "அழகர் ஆத்துல எறங்குன மறுநாள்." எந்த வருஷத்து அழகர் என்று கேட்க வேண்டும். 2023 என்றால் அழகர் இறங்கியது மே 5, 2024 என்றால் ஏப்ரல் 23. பழைய தினசரி காலண்டர் இரண்டு மூன்றை மேசையடியில் வைத்திருங்கள். சட்டப் புத்தகத்தைவிட அதிகம் கைகொடுக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மனுவில் "சில நாட்களுக்கு முன்பு" என்று எழுதிவிட்டேன். எத்தனை நாள் என்ற ஒரே கேள்வியில் என் கட்சிக்காரரும் நானும் ஆளுக்கொரு பதில் சொல்லிப் பேந்தப் பேந்த விழித்தோம்.

தேதிக்கு அடுத்தது சாட்சியம். காகிதம் இல்லை என்பார். கேட்கக் கேட்க வரும். வாடகை ஜிபேயில் போயிருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட், அந்த முகவரியில் வந்த கேஸ் பில், பிள்ளையின் பள்ளிப் பதிவு, ஓனர் அனுப்பிய வாட்ஸப் குரல் பதிவு. எதையும் அழிக்க வேண்டாம், போனை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். காலியான பீஸ் பெட்டியைத் தேதி தெரியும்படி படம் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்றாலும் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்கட்டும். அந்த ரசீது கரண்ட் தராது. ஆனால் இன்ன தேதியில் இவர் முறையிட்டார் என்பதைச் சொல்லும்.

இனி சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தில், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவையை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை அதிகாரி இடைக்காலமாகவே இணைப்பைத் திரும்பத் தரச் சொல்லலாம். ஆனால் அதே சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் போடாததையே காரணம் காட்டி வெளியேற்றக் கேட்கவும் ஓனருக்கு வழி வைத்திருக்கிறது. ஆகவே மனு வாடகை அதிகாரியிடமா, உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவுக்கா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். தாளை வக்கீலிடம் அன்றைக்கே கொடுங்கள். நாளைக்கே ஓனர் பூட்டுப் போட்டுவிட்டால், சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் வீட்டைத் திரும்பக் கேட்க 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் இருப்பது ஆறே மாதம். பூட்டுப் போட்ட தேதி தெரியாமல் அந்த ஆறு மாதத்தை எப்படி எண்ணுவது?

கோபத்தில் வாடகையை நிறுத்தியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். இருட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் வாடகையைக் கட்டு என்று சொல்வது கசக்கத்தான் செய்யும். ஆனால் பாக்கி விழுந்தால் ஓனர் கையில் நாமே ஆயுதம் கொடுத்த மாதிரி. வாங்க மறுக்கிறாரா? மணியார்டரில் அனுப்பட்டும், திரும்பி வந்த ரசீதை வைத்திருக்கட்டும். தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்த வழி உண்டு.

உங்கள் பக்கத்து வழக்கப்படி இது ஒத்தி வீடாக இருந்தால் கணக்கே வேறு. ஒரு வார்த்தையும் சொல்லாமல் வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள்.

ஓனரிடம் நீங்களாகப் போன் போட்டுப் பேசவும் வேண்டாம். குழுவே இரு தரப்பையும் நோட்டீஸ் அனுப்பி அழைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். ஒரு வேளை ஓனர் ஒரு வயதான அம்மாவாக இருந்து, அந்த ஒரு போர்ஷன் வாடகையில்தான் மருந்து வாங்குகிறார் என்றால்? அவரும் உங்கள் மேசைக்கு வரலாம்; அதே 12-ஆம் பிரிவு அவருக்கும் உண்டு. அப்போது அவருக்கு வேறொரு தன்னார்வலர் உட்காரட்டும்.

நோட்டீஸ் போனதுமே ஓனர் பீஸ் கேரியரைத் தானே கொண்டுவந்து மாட்டிவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வந்தவர் அத்தோடு வருவதை நிறுத்திவிடுவார். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், 60,000 இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேறாக ஒப்பந்தம் இல்லாதவரை சட்டம் வைத்திருக்கும் அட்வான்ஸ் அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தரவேண்டும். போகிற நாளில் சுவர், கதவு, குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படம் எடுத்துவைத்துக்கொண்டு, சாவி வாங்கியதற்கு ஓனரிடம் தேதியோடு ஒரு வரி எழுதி வாங்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், "இன்று சாவி கொடுத்தேன்" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி, அங்கேயே நின்று.