அலுமினிய ஜாயின்ட்: ஃபிரிக்‌ஷன் ஸ்டிரா, மிக்கா, டிக்கா?

எந்த வெல்டிங் என்று கேட்கும் முன், கையில் இருப்பது எந்த அலாய், எந்த டெம்பர் என்று பாருங்கள். ஜாயின்ட் எங்கே உடையும் என்பதை அவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

மிக், டிக் இரண்டும் உலோகத்தை உருக்கி இணைப்பவை. 1991-ல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தில் உருவான ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் முறையில் உலோகம் உருகுவதில்லை. சுழலும் பின் உள்ளே இறங்கி, உரசல் சூட்டில் இளகிய உலோகத்தைப் பிசைந்தபடி நகர்கிறது. அதனால் ஹைட்ரஜன் துளைகளும், உறையும்போது விழும் விரிசலும் இல்லை.

6061-டி6: தாய் உலோகத்தின் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். மிக் ஜாயின்ட்டுக்கு டிசைனில் 165 அளவில்தான் நம்பலாம். ஃபிரிக்‌ஷன் ஸ்டிரில் பொதுவாக 200 முதல் 240 வரை கிடைக்கும். முழு வலிமை இதிலும் கிடைக்காது. டி6-க்கு வலு தரும் நுண்படிவுகள் வெல்டிங் சூட்டில் பருத்துவிடுவதால், தையலை ஒட்டிய பட்டை இளகிப்போய், பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது. டி4 நிலையில் வெல்டு செய்து, பிறகு ஏஜிங் செய்தால் இழப்பு குறையும்.

5083, ஓ டெம்பர்: சூட்டில் இழக்க இதில் அதிகம் இல்லை. மிக் ஜாயின்ட்டே தாய் உலோகத்தின் வலிமையை நெருங்கும். நீளமான, நேரான பேனல் வளையாமல் வர வேண்டுமென்றால் மட்டும் ஃபிரிக்‌ஷன் ஸ்டிருக்குச் செலவழியுங்கள்.

2024, 7075: உருக்கினால் விரிசல் விடும் அலாய்கள். ரிவெட் வேண்டாமென்றால் ஃபிரிக்‌ஷன் ஸ்டிர்தான் வழி.

வேலையின் வடிவத்தையும் பாருங்கள். ஃபிரிக்‌ஷன் ஸ்டிருக்குக் கனமான கிளாம்ப், அடியில் தாங்கு பிளேட், இடைவெளியில்லாத விளிம்பு மூன்றும் தேவை. பின் வெளியேறும் இடத்தில் குழியும் விழும். மூலைத் தையல், களத்தில் பழுதுபார்ப்பு என்றால் மிக். மெல்லிய தகடு, சிறு வேலை என்றால் டிக்.

ஃபிரிக்‌ஷன் ஸ்டிரைத் தேர்ந்தெடுத்தால் இழுவைச் சோதனையோடு நிறுத்தாதீர்கள். பின் அடிவரை எட்டாவிட்டால், இரு விளிம்புகளும் தொட்டுக்கொண்டு ஒட்டாமல் நிற்கும். எக்ஸ்ரேயில் அது தப்பிவிடலாம். இழுவை எண்ணும் நன்றாகவே வரலாம். ஆனால் மாறி மாறி விழும் சுமையில் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். மாதிரித் துண்டை அடிப்பக்கம் வெளியே வருமாறு வளையுங்கள்: ஒட்டாத கோடு வாய் பிளக்கும். அந்தச் சோதனையில் தேறாத ஜாயின்ட்டை ஏற்காதீர்கள்.