வியன்னாவில் மூன்று நாள்

ஆராய்ச்சி மாநாட்டை முன்னிட்டோ கோடைக்கால வகுப்பை முன்னிட்டோ ஐரோப்பா செல்லும் வாய்ப்பு நம் மாணவர் சிலருக்குக் கிட்டுகிறது. வேலை முடிந்தபின் எஞ்சும் மூன்று நாளில் நான்கு நகரங்களைப் பார்த்துவிடத் துடிப்பவர் பலர். அவர்கள் காண்பவை பெரும்பாலும் புகைவண்டி நிலையங்களே! மூன்று நாளுக்கு ஒரு நகரம் போதும் என்பது என் கருத்து. அதற்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதை வியன்னாவைக் கொண்டு பார்ப்போம்.

முதலில் விசா. ஆஸ்திரியா ஷெங்கன் நாடுகளுள் ஒன்று. புறப்படும் நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். 2024 ஜூனில் கட்டணம் 90 யூரோவாக உயர்த்தப்பட்டது. விசா மறுக்கப்பட்டால் அப்பணம் திரும்பி வராது. உதவித்தொகையில் காலந்தள்ளும் நமக்கு இது சிறு தொகையன்று. ஆகவே ஒரு விதியை நினைவிற் கொள்க: மாநாட்டுக்காக ஜெர்மனியில் ஐந்து நாள், பிறகு வியன்னாவில் மூன்று நாள் என்றால், விண்ணப்பம் ஜெர்மனிக்கே போக வேண்டும்.

இனி நகரின் அமைப்பு. பழைய நகரைச் சூழ்ந்திருந்த மதிலை இடிக்குமாறு பேரரசர் பிரான்ஸ் யோசெப் 1857இல் ஆணையிட்டார். அந்த இடத்தில் எழுந்த அகன்ற வீதியே 'ரிங்', 1865இல் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகம், நாடாளுமன்றம், பெரும் பொருட்காட்சிசாலைகள், இசை நாடக அரங்கு யாவும் இவ்வீதியை ஒட்டியே நிற்கின்றன. நடுவே புனித ஸ்தேபான் பேராலயம். அதன் தென்கோபுரத்தில் 343 படி ஏறினால் நகரின் அமைப்பு விளங்கிவிடும். எனவே முதல் நாட் காலையிலேயே ஏறுக. பிறகு வண்டி வேண்டியதில்லை, நடையே போதும். 1365இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் உள்முற்றத்தில் பேராசிரியர்களின் சிலைகள் வரிசையாக உள்ளன. ஷ்ரோடிங்கரின் சிலையில் அவருடைய சமன்பாடும் பொறிக்கப்பட்டுள்ளது.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஊர்விட்டு வந்து படிக்கும் நமக்குப் புதிய இடத்தில் எழும் முதற்கேள்வி அதுதானே? வார நாட்களில் நண்பகலில் பல உணவகங்கள் அன்றைய உணவைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. பெரிய சாப்பாட்டை அப்போதே முடித்துக்கொள்வது சிக்கனம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனியன்றே ரொட்டியும் பழமும் வாங்கிவிட வேண்டும். தண்ணீருக்குக் காசு கொடுப்பது வீண். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர் குழாய் வழியே இந்நகருக்கு வருகிறது. ஒரு வெறும் புட்டி போதும்.

புலால் உண்ணாதவர் சூப்பில் விழிப்பாயிருக்க வேண்டும். ஃபிரிட்டாட்டன் சூப்பில் மிதப்பவை மாவுத் தோசையின் கீற்றுகளே. ஆனால் சாறு மாட்டிறைச்சியினுடையது. புகழ்பெற்ற வீனர் ஷ்னிட்செல் கன்றிறைச்சி. பன்றி இறைச்சியிற் செய்தால் உணவுப் பட்டியலில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். இவை வேண்டாதவர்க்குப் பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே உண்டு. முட்டை கலந்த மாவு அது. ஆப்பிள் ஷ்ட்ரூடல் உண்டு. கெர்ம்க்னோடல் என்பது உள்ளே பிளம் பழப் பாகு வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே கசகசாவும் சர்க்கரையும் தூவும் உருண்டை. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்!

காப்பிக்கடை மட்டும் சிக்கனத்துக்கு விலக்கு. ஒரு கோப்பை காப்பியும் ஒரு குவளைத் தண்ணீரும் தட்டில் வரும். அதன்பின் எழுந்து போ என்று சொல்வாரில்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டு மணிக்கணக்கில் அமர்ந்திருக்கலாம். நாம் விலை கொடுப்பது காப்பிக்கன்று, நாற்காலிக்கு. ஆகவே கால் ஓயும் பிற்பகல் மூன்று மணிக்கு இதை வைத்துக்கொள்க.

இரண்டாம் நாள் ஒரு பொருட்காட்சிசாலை; ஒன்றே ஒன்று. ஓவியப் பற்றுடையோர் கலைச்சாலையில் புரூகெலின் படங்களைக் காணட்டும். மற்றவர்க்கு எதிரே இயற்கை வரலாற்றுச் சாலை: 1908இல் வில்லெண்டார்பில் கிடைத்த, சாண் நீளமும் இல்லாத பெண்ணுருவமும் விண்கற்களும் அங்கே உள்ளன. விடுமுறை நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்க.

மூன்றாம் நாள் 71ஆம் எண் டிராமில் நகர மயானத்துக்குச் செல்லுங்கள். சுற்றுலாவில் மயானமா என வியக்க வேண்டாம். இரண்டாம் வாயிலில் இறங்கி உள்ளே சென்றால் பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகியோரின் கல்லறைகள். அவற்றுக்குச் சற்று அப்பால் லுட்விக் போல்ட்ஸ்மன். அணுக்கள் மெய்யானவை என்று அறிஞர் பலரோடு வாதாடி, 1906இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். என்ட்ரோப்பியை நிகழ்தகவோடு இணைக்கும் அவருடைய சமன்பாடு தலைக்குமேல் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதை அவ்வடிவில் எழுதியவர் பிளாங்க் என்பதும் நம் வகுப்பில் பலர் அறியாதது. நுழைவுக் கட்டணம் கிடையாது. மாலைக்குள் அதே டிராமில் ரிங்குக்குத் திரும்பிவிட்டால், ஜூலை, ஆகஸ்டு நீங்கலான மாதங்களில், இசையரங்கின் மலிவான நிற்குமிடத்தில் ஓர் இரவு நின்று கேட்கலாம்.