புல் மேயும் பிராணிகளின் பல்லும் அதன் காரையும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியதும் குர்பானிக்கு ஆடு வாங்கச் செல்லும் நம்மவர்கள் முதலில் திறந்து பார்ப்பது ஆட்டின் வாயைத்தான். வயது குறைந்தால் குர்பானி நிறைவேறாதன்றோ? ஷாபிஈ மத்ஹபில் வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் இரண்டு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் வெள்ளாட்டுக்கு ஒரு வயது போதும். இங்கே ஓர் எச்சரிக்கை: "இரண்டு பல் போட்ட ஆடு" என்றால் இரண்டு வயது ஆடு என்று பொருளல்ல. வெள்ளாட்டின் முதல் ஜோடி நிலைப்பல் ஏறக்குறைய ஒரு வயது முதல் ஒன்றரை வயதுக்குள் முளைத்துவிடும். ஷாபிஈகள் நான்கு பல்லாவது பார்த்து, விற்பவரிடம் பிறந்த மாதத்தையும் கேட்டு வாங்குவதே பேணுதல்.

முன்பற்கள் வயதைச் சொல்லும். ஆனால் பிராணி உயிர் வாழ்வது கடைவாய்ப் பற்களால். ஆடு மாடுகளுக்கு 32 பற்கள். கீழ்த்தாடையின் முன்புறம் 8. மேலே முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். மீதி 24-ம் அரைக்கும் பற்கள். புல்லில் மணலை ஒத்த நுண்ணிய சிலிகாத் துகள்கள் உண்டு. தரையின் புழுதியும் சேர்ந்து வரும். நாள் முழுதும் இதை அரைக்கும் பல் தேயாமலிருக்குமா?

பல்லில் மூன்று பொருள்கள் உள்ளன. எனாமல் மிகக் கடினமானது. எனினும் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. அதனுள்ளே டென்டின். மூன்றாவதே சிமெண்டம் என்னும் பற்காரை. நமக்கு அது வேரை மட்டும் மூடியிருக்கிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் பல்லின் தலைப்பகுதியிலும் படர்ந்து, எனாமல் மடிப்புகளின் இடுக்குகளை அடைத்து நிற்கிறது. குதிரைக்கு இது மிகக் கனமானது. யானையின் பல்லிலோ பல தகடுகளை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதே இக்காரைதான்.

இது உண்டாகும் விதம் வியக்கத்தக்கது. தாடைக்குள் வளரும் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கும். எனாமலைச் செய்த உயிரணுக்கள் தம் வேலை முடிந்ததும் சிதைந்து வழிவிடுகின்றன. உடனே பையின் உயிரணுக்கள் எனாமலைத் தொட்டு, காரை பூசும் கொத்தர்களாக மாறுகின்றன. அவை முதலில் நார்களை விரித்து, அவற்றினிடையே சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரஸையும் படியச் செய்கின்றன. சில உயிரணுக்கள் தாம் கட்டிய சுவருக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்வதும் உண்டு! தாடை எலும்பிலிருந்து வரும் நார்களும் இக்காரையில் புதைந்து பல்லைப் பிடித்துக்கொள்கின்றன. குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தேய, அதே அளவு ஈறிலிருந்து மேலே வருகிறது. ஆகவே உள்ளே காரை பூசும் வேலையும் நார் கட்டும் வேலையும் நின்றபாடில்லை.

காரை மெதுவானதாயிருப்பதிலும் நன்மையுண்டு. காரையும் டென்டினும் விரைவில் தேய, எனாமல் விளிம்புகள் மேடாக நிற்கின்றன. அம்மி வழவழப்பானால் கொத்துகிறவரைக் கூப்பிடுகிறோம். இந்த அம்மியோ தேயும்போதே தன்னைக் கொத்திக்கொள்கிறது. அல்லாஹ்வின் படைப்பு நுட்பம் அது.

குறையும் இல்லாமலில்லை. குதிரையின் மேல் கடைவாய்ப் பல்லில் ஆழ்ந்த குழிகள் உண்டு. பல் முளைக்குமுன் அவற்றுக்கு மேற்புறமிருந்து இரத்தம் வரும். முளைத்ததும் அவ்வழி அறுந்துபோகும். அதற்குள் காரை நிரம்பாவிட்டால் வெற்றிடம் தங்கி, தீனி அடைந்து, சொத்தை விழும்.

குதிரையின் முன்பல் குழியிலும் காரை உண்டு. குழியைச் சுற்றி எனாமல் வளையம் இருக்கும். வயதேற ஏறக் குழி மறையும். பழைய குதிரை வியாபாரத்தில் சில மோசக்காரர்கள் கிழட்டுக் குதிரையின் பல்லைக் குடைந்து, தீய்த்துக் கறுப்பாக்கி, இளங்குதிரை என்று விற்றதுண்டு. விஷயமறிந்தவர் எனாமல் வளையத்தைத் தேடுவார். குடைந்த குழியைச் சுற்றி அது இராது. சரக்கின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வேர்க்காரையில் மரத்தின் வளையங்களைப் போல ஆண்டுக் கோடுகளும் விழுகின்றன. பல்லை மெல்லிய சீவலாக அறுத்துப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்தால் தெரியும். காட்டு மான்களின் வயதை அறிஞர்கள் இவ்வாறே கணிக்கிறார்கள். பருவ வேற்றுமை குறைந்த வெப்ப நாடுகளில் கோடுகள் மங்கலாயிருக்கும். தவிரவும், இதற்குப் பல்லைப் பிடுங்கியாக வேண்டும். உயிருள்ள ஆட்டை விலை பேசுகிறவருக்குக் கீழ்த்தாடையின் முன்பற்களே கணக்கு.