ஏழு கிலோவில் மூன்று நாள்: கைப்பையோடு மட்டும் விமானம் ஏற ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை காலை சென்னையில் ஏறி டெல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். இதற்கு எத்தனை பை? ஒன்று போதும். அதுவும் இருக்கைக்கு மேலே உள்ள தட்டில் அடங்குகிற பை.

போகும்போது பையைப் போட கவுன்டர் வரிசை, இறங்கியதும் அதே பைக்காக பெல்ட் பக்கத்தில் தவம். மூன்று மணி நேரப் பயணத்துக்கு இந்த இரண்டும் ரொம்ப அதிகம். கைப்பை மட்டும் என்றால் இவை இல்லை, பை தொலைந்துபோகிற பயமும் கிடையாது. முதல் முறை இப்படிக் கிளம்புகிறவர்களுக்காக, டெல்லிப் பயணத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் காலிப் பையை எடை போடுங்கள்

உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலான நிறுவனங்கள் கேபினுக்கு அனுமதிப்பது 7 கிலோ எடையுள்ள ஒரு பை. அளவு 55, 35, 25 சென்டிமீட்டருக்குள். சக்கரமும் கைப்பிடியும் இந்த அளவில் சேர்த்தி. இதுபோக லேப்டாப் பையோ பெண்கள் கைப்பையோ சிறியதாக ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்பதை உங்கள் டிக்கெட்டின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காதது பையின் சொந்த எடை. கெட்டியான ஓடு போட்ட டிராலி, காலியாக இருக்கும்போதே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். உங்களுக்கு மிச்சம் நான்கு கிலோதான். சாதாரண துணி பேக்பேக் ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். முதுகு ஒத்துழைத்தால் பேக்பேக்தான் என் கட்சி. டிராலிதான் வேண்டும் என்றால் துணியாலான, இரண்டு சக்கரம் வைத்ததைத் தேடுங்கள்.

எடை பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. வீட்டில் உடல் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் பையோடு ஒரு முறை, பை இல்லாமல் ஒரு முறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். ஆறரை கிலோவில் நிறுத்துங்கள். உங்கள் இயந்திரமும் அவர்கள் இயந்திரமும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

2. துணி: உடுத்திக்கொண்டு போவதும் கணக்கில் வரட்டும்

கனமானது எல்லாம் உடம்பில் இருக்கட்டும். ஜீன்ஸ், ஷூ, குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கொண்டே ஏறுங்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லிக்குச் சென்னைக்காரரின் மெல்லிய ஸ்வெட்டர் காணாது. ஜாக்கெட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டால் யாரும் எடை போடப்போவதில்லை.

ஆண்களுக்கு: உடுத்தியது போக இரண்டு சட்டை, ஒரு லேசான பேன்ட், மூன்று செட் உள்ளாடை, இரவுக்கு ஒரு லுங்கி. கல்யாணத்துக்கு வேட்டி என்றால் இன்னும் வசதி. சூட்டைப் போல இடத்தை அடைக்காது.

பெண்களுக்கு: இரண்டு குர்தி, இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே பேன்ட். கல்யாணப் புடவைதான் இங்கே பெரிய கேள்வி. ஜரிகை அடர்ந்த காஞ்சிபுரம் பட்டு ஒன்று அரைக் கிலோவைத் தாண்டிவிடும். அதனால் பட்டு ஒன்றே ஒன்று. அதைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி மேலாக வையுங்கள். முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று என்று இரண்டு பட்டு எடுத்தால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவைத்துவிட்டு செக்-இன் பையோடு போவது உத்தமம். அதில் தவறில்லை. நகை மட்டும் எந்த நிலையிலும் செக்-இன் பைக்குள் போகக்கூடாது.

துவாலைக்கு டர்க்கி டவலை விட்டுவிட்டு ஈரிழைத் துண்டு எடுங்கள். கையகல இடத்தில் அடங்கும், மின்விசிறிக்குக் கீழே போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். டர்க்கி டவல் ஈரத்தைக் குடித்து எடை கூடி, மூன்றாம் நாள் பைக்குள் வாடை வேறு.

துணியைச் சுருட்டி வைத்தால் இடம் மிச்சம் என்பார்கள். உண்மைதான், ஆனால் சுருட்டினால் எடை குறையாது. நமக்கு முதலில் இடிப்பது எடை. காற்றை உறிஞ்சி எடுக்கும் பைகளுக்கும் இதுவே பதில்.

3. குளியல் சாமான், மருந்து

பற்பசை சிறிய ட்யூப். சோப்பு பாதி தேய்ந்தது. ஷாம்பு சாஷே. வெளிநாட்டுப் பயணத்தில் திரவம், ஜெல் எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் கூடாது. பெரிய புட்டியில் கால்வாசி இருந்தாலும் கூடாது, புட்டியின் கொள்ளளவுதான் கணக்கு.

மருந்து மொத்தமும் கைப்பையில். இன்சுலின் போடுகிறவர்கள் அதை ஒருபோதும் செக்-இன்னில் போடாதீர்கள், சரக்கு அறையின் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். மருத்துவர் சீட்டின் நகல் கூடவே இருக்கட்டும்.

4. பவர் பேங்க்

இது கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன்னில் போடத் தடை. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. கணக்கு எளிது: மில்லிஆம்பியர்-ஹவரை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. மேலே அச்சிட்ட எண் அழிந்துபோயிருந்தால் சோதனையில் கேள்வி வரும்.

5. சாப்பாட்டுப் பொட்டலம்

புளியோதரை, பொடி தடவிய இட்லி போன்றவை உள்நாட்டுப் பயணத்தில் பிரச்சினை இல்லாமல் போகும். சாம்பார், ஊறுகாய், நெய் என்று கசிகிற எதையும் நம்பி எடுக்காதீர்கள். அங்கே கடைசி வார்த்தை சோதனை செய்பவருடையது.

தேங்காய்க்குத் தனிக் கதை. எண்ணெய்ச் சத்தால் கொப்பரை தீப்பிடிக்கும் பொருளாகக் கருதப்படுவதால் எந்தப் பையிலும் விடுவதில்லை. முழுத் தேங்காயையும் கேபினில் விடமாட்டார்கள். சபரிமலை பக்தர்கள் இருமுடியில் தேங்காயோடு கேபினில் ஏற 2022ஆம் ஆண்டு சீசனிலும், பிறகு 2024 சீசனிலும் சிறப்பு அனுமதி தரப்பட்டது. அதுவும் ஜனவரி 20 வரைதான். தாம்பூலப் பையில் வந்த தேங்காயைக் கல்யாண வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

6. முந்தின நாள் இரவு

பையின் எடை கூடுவது இந்த நேரத்தில்தான். "டெல்லிக்கா போறே? இந்த முறுக்கை மட்டும் என் பையன்கிட்ட குடுத்துடேன்" என்று எதிர்வீட்டு மாமி வருவார். முறுக்கு அரைக் கிலோ, டப்பா கால் கிலோ, அதோடு பருப்புப் பொடி. மறுப்பது கஷ்டம் என்றால் எடைக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்: "மாமி, 400 கிராம் இடம் இருக்கு, டப்பா வேண்டாம், கவர்ல குடுங்க." கிராமில் பேசினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒட்டிய பார்சலை உள்ளே என்ன என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. சோதனையில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

7. விமான நிலையத்தில்

வீட்டிலேயே வெப் செக்-இன் முடித்துவிடுங்கள். எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பாருங்கள், சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட முனையம் உண்டு. லேப்டாப், பவர் பேங்க், சார்ஜர் மூன்றும் பையின் வெளி அறையில் இருந்தால் ட்ரேயில் எடுத்து வைக்க அரை நிமிடம். பெல்ட், பர்ஸ், சில்லறை எல்லாம் வரிசையில் நிற்கும்போதே பைக்குள் போகட்டும். காலி பாட்டிலோடு போய்ச் சோதனை முடிந்ததும் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே காபி விலை கேட்டு மலைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025இல் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் டீ 10 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றுதான் தொடங்கினார்கள்.

தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போகும் சிறிய ஏடிஆர் விமானத்தில் மேல்தட்டு குறுகல். டிராலியைப் படிக்கட்டுப் பக்கத்திலேயே வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். பெரிய விமானத்திலும் தட்டு நிரம்பிவிட்டால் கேட்டில் இப்படிக் கேட்பதுண்டு. அப்போது பவர் பேங்க், மருந்து, நகை மூன்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். அதற்காகவே இவற்றை ஒரு சின்ன ஜிப் பையில் மேலாக வைத்திருங்கள், ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும்.

8. இறங்கிய பிறகும், திரும்பும்போதும்

டெல்லியில் மூன்றாவது முனையத்தில் இறங்கினால் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோவில் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் புது டெல்லி ரயில் நிலையம். முதுகில் ஒரு பை என்றால் டாக்சியோடு பேரம் எதற்கு? குளிர்காலத்தில் அதிகாலை விமானத்தை மட்டும் தவிருங்கள், பனிமூட்டத்தில் தாமதம் சகஜம்.

திரும்பும்போது அழுக்குத் துணி அதே எடைதான், இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும். ஆக்ரா பேட்டா இனிப்பு வாங்கும் ஆசை இருந்தால் போகும்போதே ஒரு கிலோ காலியாக விட்டுப் போங்கள். ஜீராவில் மிதக்கும் ரசகுல்லா டின்தான் வேண்டும் என்றால், ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டில் செக்-இன் எடை இருக்கிறதா என்று பாருங்கள். சலுகைக் கட்டணத்தில் சில சமயம் அது இருக்காது. இல்லையென்றால் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், கவுன்டரில் போய்க் கேட்டால் விலை அதிகம்.