தாத்தா கை ஏன் நடுங்குது?



எங்க தாத்தா அம்மாபேட்டையில் பட்டுத்தறி நெய்தவர். மூணு வருஷம் முன்னாடி, மடியில் சும்மா வச்சிருந்த வலது கை தானா நடுங்க ஆரம்பிச்சது. கயித்தை இழுத்து நாடா ஓட்டும்போது மட்டும் நடுக்கம் குறையும். "வேலை செய்யறப்ப நடுங்கல, சும்மா இருந்தா நடுங்குது, எல்லாம் நடிப்பு"ன்னு தெருவில் சிலர் சிரிச்சாங்க. நானும் ஒருநாள் அவர் மாதிரி கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தேன். டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது பார்க்கின்சன் நோய். ஓய்வில் இருக்கும் கை நடுங்குவதுதான் அதன் அடையாளமாம்! 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இதை விளக்கி எழுதினார்.

நோய் எங்கே இருக்கிறது?
கையில் இல்லை, மூளையில். நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நம் அசைவுகள் தடையின்றி நடக்க அது வேண்டும். அந்தச் செல்களுக்குள் ஒருவகைப் புரதம் கட்டிகட்டியாகச் சேர்கிறது. செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன.

எப்படி வளர்கிறது?
நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே நோய் தொடங்கிவிடும். வாசனை தெரியாது, மலச்சிக்கல் வரும், தூக்கத்தில் கத்துவார்கள். தாத்தாவுக்கும் பால் தீய்ஞ்ச வாசனை தெரியல. நாங்க சளின்னு விட்டுட்டோம். நடுக்கம் வெளியே தெரியும்போது ஏறக்குறைய பாதிச் செல்கள் போயிருக்கும். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். உடம்பு விறைக்கும், நடை சிறுக்கும், எழுத்து சிறுக்கும், குரல் தாழும். பிறகு நிலை தடுமாறி விழுவார்கள்.

மருந்து உண்டா?
முழுசா குணமாக்க மருந்து இல்லை. ஆனால் லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறி, அசைவை எளிதாக்கும். உடம்பில் பட்டால் அரிக்குமே, அந்தப் பூனைக்காலி! அதன் விதையில் இந்தப் பொருள் இருக்கிறது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1960-களில் அதே பொருள் இந்நோய்க்கு மருந்தானது. அதுக்காக விதையை நாமே அரைச்சுக் கொடுக்கக் கூடாது. அளவு தப்பினால் ஆபத்து.

இது தொற்றுநோய் அல்ல, நடிப்பும் அல்ல. இப்போ தாத்தாவுக்கு நேரம் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். காபியை அரை டம்ளர்தான் ஊத்துவேன், சிந்தாது. உங்க தெருவிலும் கை நடுங்கும் தாத்தா, பாட்டி இருந்தால் சிரிக்காதீங்க. டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்க.


– ஒன்பதாம் வகுப்பு மாணவி