சலைனா, ஸ்டெரைல் வாட்டரா?

இரண்டும் நிறமில்லாத, மணமில்லாத, கிருமி நீக்கிய திரவங்கள். லேபிளைக் கிழித்துவிட்டால் நர்ஸுக்கும் அடையாளம் தெரியாது. வேறுபாடு உப்பில்தான் இருக்கிறது. நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு உண்டு. ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு அது ஏறக்குறைய இணை. அதனால் ரத்த அணுக்கள் அதில் வாடுவதும் இல்லை, ஊதுவதும் இல்லை. ஸ்டெரைல் வாட்டரில் உப்பே கிடையாது. அதை அப்படியே பாட்டில் கணக்கில் நரம்பில் ஏற்றினால் தண்ணீர் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துவிடும். சிறுநீரகம் வரை பாதிக்கப்படும். ‘சுத்தமான தண்ணீர்தானே’ என்ற எண்ணம் இந்த இடத்தில் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஸ்டெரைல் வாட்டருக்கு என்ன வேலை? பொடி மருந்தைக் கரைப்பது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு நெருக்கமான உதாரணம் பாம்புக்கடி. தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கத்து வயல்களில் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பயம் புதிதல்ல. விஷமுறிவு மருந்து பெரும்பாலும் குப்பியில் உலர்ந்த பொடியாகவே வருகிறது. ஒரு குப்பிக்கு 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் விட்டு, நுரைக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார்கள். வழக்கமாக 10 குப்பிகளில் தொடங்குவார்கள். கரைத்ததைச் சலைன் பாட்டிலில் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். கரைக்க அது, ஏற்ற இது. ஒரே கட்டிலில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

தடுப்பூசியிலும் இதே கவனம் தேவை. பிசிஜியைச் சலைனில் கரைப்பார்கள். தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசிக்கு ஸ்டெரைல் வாட்டர். அந்தந்த மருந்தோடு வரும் கரைக்கும் திரவத்தை மாற்றிப் போடக்கூடாது.

மூச்சுக்கு வந்தால் விடை இரண்டாகப் பிரிகிறது. நெபுலைசரில் மருந்தோடு சலைன்தான் சேர்க்க வேண்டும். உப்பில்லாத தண்ணீரின் நுண்துளிகள் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கலாம். ஆனால் ஆக்சிஜன் கருவியில் குமிழியிடும் பாட்டிலுக்கு ஸ்டெரைல் வாட்டர்தான். சலைனை விட்டால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. முலாம் பூசும் கூடத்தில் காஸ்டிக் சோடாவோ ஆசிடோ கண்ணில் தெறித்துவிட்டால், சலைன் எங்கே என்று தேடாதீர்கள். அருகிலிருக்கும் குழாயைத் திறந்து, இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, 15 நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஓடவிடுங்கள். அரை லிட்டர் சலைன் பாட்டில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கண்ணுக்கு அதற்குள் தேவை தீராது. காஸ்டிக் ஆசிடைவிட ஆழமாக இறங்கும். கழுவிய பிறகு கண் மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் கன்னடம், தெலுங்கு பேசுபவர்களும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் கண் கழுவும் குழாய்க்கு மேலே தமிழ்ப் பலகை மட்டும் மாட்டினால் போதாது. படமும் இந்தி எழுத்தும் வேண்டும்.

லேத்தில் கை கிழிந்தால் சலைனால் கழுவலாம். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரும் சாதாரணக் காயத்துக்குப் போதும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனை மட்டும் காயத்துக்கோ ஊசி மருந்துக்கோ எடுக்காதீர்கள். அது தாது நீக்கியது. கிருமி நீக்கியது அல்ல. சலைன் பாட்டிலைத் திறந்தால் மீதத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்க வேண்டாம். கிருமி வளராமல் தடுக்கும் மருந்து எதுவும் அதில் சேர்ப்பதில்லை.

ஷிப்ட் முடிந்த அசதியில் கிளினிக்குக்குப் போய் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு. ஏறுவது பல சமயம் சலைன். அரை லிட்டரில் 4.5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குக் கீழேதான். வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். போதும். பி.பி., இதயம், கிட்னி தொந்தரவு இருப்பவர்கள் பாட்டில் மாட்டுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.